கில்டுஹால் முற்றத்துக்குக் கீழே: லண்டனின் ரோமானிய வட்டரங்கம் கிடைத்த விதம்

லண்டன் மாநகரின் நடுவே இருக்கிறது கில்டுஹால் கலைக்கூடம். அதன் அடித்தளத்தில் ஓக் மரப் பலகைகளால் செய்த ஒரு வடிகால் கிடக்கிறது. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, கறுத்துப்போன பலகைகள்தான். வயது 1,900 ஆண்டுகளுக்கும் மேல். கீழே இறங்கி வருகிறவர்கள் ரோமானியச் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, வட்டரங்கங்களில் மக்கள் பார்க்கச் சண்டையிட்ட கிளாடியேட்டர் வீரர்களைப் பற்றிப் பேசியபடி மேலே போய்விடுகிறார்கள். முதல்முறை போனபோது நானும் சுவரைத்தான் பார்த்தேன். இந்த இடத்தைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் வடிகாலின் அருமை புரிந்தது. இது வட்டரங்கம் என்று சொன்னது சுவர். எப்போது கட்டினார்கள், எப்படிப்பட்ட நிலத்தில் கட்டினார்கள், எப்படி அழிந்தது, எப்படி அழியாமல் மிஞ்சியது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தந்தவை மரமும் சேறும்.

அதனால் இந்த ஆய்வில் மரத்துக்கும் தண்ணீருக்கும் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

இடம்

கில்டுஹால் என்பது லண்டனின் பழைய மாநகர மன்றம். 'சிட்டி' என்று அழைக்கப்படும் பழைய லண்டனின் நிர்வாகம் 800 ஆண்டுகளுக்கு மேலாக இந்த இடத்திலிருந்துதான் நடக்கிறது. இன்று நிற்கும் பெரிய மண்டபத்தின் வேலை 1411-ல் தொடங்கியது. மண்டபத்துக்கு முன்னால் கல் பாவிய அகலமான முற்றம். கிழக்குப் பக்கம் கலைக்கூடம், தெற்கே புனித லாரன்ஸ் ஜூரி தேவாலயம்.

முற்றத்தின் தரையைக் கவனித்துப் பார்த்தால், வெளிர் நிறக் கற்களுக்கு நடுவே கருங்கல் பட்டை ஒன்று வளைந்து ஓடுவது தெரியும். அதன்மேல் நடந்து போனால் ஒரு கட்டடத்தில் முட்டி நின்றுவிடும். அந்தக் கட்டடத்துக்கு அப்புறமும் வளைவு போகிறது, மேலிருந்து நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கீழே இருக்கும் ஆடுகளத்தின் விளிம்பைத் தரையில் கோடாகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். உண்மையான ஆடுகளம் அதற்கு 6 மீட்டருக்கும் கீழே இருக்கிறது.

வட்டரங்கம் என்று சொன்னாலும் வடிவம் வட்டமில்லை, நீள்வட்டம். பார்வையாளர் மேடைகளையும் சேர்த்தால் சுமார் 100 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலம். 6,000 முதல் 7,000 பேர் வரை உட்கார்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ரோம் நகரின் கொலோசியத்தோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் ரோமப் பேரரசின் வடமேற்கு மூலையில், அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த ஒரு துறைமுக ஊருக்கு அது மிகப் பெரிய கட்டடம். ஊரில் கணிசமான பங்கு மக்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட முடிந்திருக்கிறது.

ஏன் இத்தனை காலம் கிடைக்கவில்லை

லண்டினியத்தில், அதாவது ரோமானியர் கால லண்டனில், ஒரு வட்டரங்கம் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகமே இல்லை. அந்த அளவு ஊர், ஆளுநர் தங்கிய ஊர், வட்டரங்கம் இல்லாமல் இருந்திருக்காது. எங்கே என்பதுதான் கேள்வி.

பிரிட்டனில் தெரிந்திருந்த மற்ற வட்டரங்கங்கள் அவர்களை வேறு பக்கம் பார்க்க வைத்துவிட்டன. சில்செஸ்டரில் வட்டரங்கம் நகரச் சுவருக்கு வெளியே இருக்கிறது. வேல்ஸில் உள்ள கேர்லியனில் படைமுகாமின் மதிலுக்கு வெளியே. கூட்டமும் சத்தமும் மிருகங்களும் நிறைந்த இடத்தை ஊருக்குச் சற்றுத் தள்ளி வைப்பதுதான் வழக்கம். அதனால் லண்டனிலும் மதிலுக்கு வெளியேதான் இருக்கும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டுப் போனது. லண்டனின் நகர மதில் கட்டப்பட்டது கி.பி. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில். வட்டரங்கம் அதற்கு நூறாண்டுக்கும் முந்தியது. கட்டியபோது அதுவும் ஊரின் ஓரத்தில்தான் இருந்தது. பிறகு பக்கத்திலேயே, வடமேற்கில், கி.பி. 120 வாக்கில் ஒரு கோட்டை எழுந்தது. அதற்கும் பிறகு வந்த மதில், கோட்டையையும் வட்டரங்கத்தையும் சேர்த்தே ஊரை வளைத்துக்கொண்டது. வெளியே இருந்தது உள்ளே வந்துவிட்டது. மதிலை வைத்து இடத்தைத் தேடியவர்களுக்கு, மதிலின் வயதே தடையாக நின்றது.

இரண்டாவது காரணம் கட்டுமானம். பார்வையாளர் மேடைகள் கடைசிவரை மரத்தால்தான் இருந்தன. மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் மர இருக்கைகள். கல் வேலை ஆடுகளத்தைச் சுற்றிய சுவருக்கும் நுழைவாயில்களுக்கும் மட்டும்தான். கைவிடப்பட்ட பிறகு அந்தக் கல்லையும் மற்ற கட்டடங்களுக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இத்தாலியிலும் தெற்கு பிரான்ஸிலும் நிற்பதுபோல் வளைவு வளைவாக எதுவும் தரைக்கு மேல் எஞ்சவில்லை.

1988

முற்றத்தின் ஓரத்தில் 1885-ல் ஒரு கலைக்கூடம் கட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில், 1941 மே மாத விமானத் தாக்குதலில் அது அழிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1940 டிசம்பர் 29 இரவு, பெரிய மண்டபத்தின் கூரையும் எரிந்து விழுந்திருந்தது. போருக்குப் பின் கலைக்கூடம் இருந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு கட்டடத்தைப் போட்டு, அதையே பல ஆண்டுகள் வைத்து ஓட்டினார்கள். 1987-ல் அதை இடித்தார்கள். புதிய கலைக்கூடம் வர வேண்டும், அதற்கு முன் மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று லண்டன் அருங்காட்சியகத்தின் அகழாய்வுக் குழு சோதனைக் குழிகள் வெட்டத் தொடங்கியது.

சோதனைக் குழி என்பது பெரிய அகழாய்வு இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, நாலைந்து ஆள் நிற்கிற அளவுக்கு வெட்டி, மண்ணடுக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்பது. ஒரு குழிக்குள் நின்று பார்த்தால் ரோமானியச் சுவரின் ஒரு துண்டு தெரியும். லண்டனில் அது அபூர்வமில்லை, எங்கே ஆழமாகத் தோண்டினாலும் ஏதோ ஒரு ரோமானியச் சுவர் வரும். ஆனால் இங்கே சுவர் மெல்ல வளைந்தது. அடுத்த குழியில் கிடைத்த சுவரையும் தாளில் போட்டுப் பார்த்தால் அந்த வளைவோடு பொருந்தியது. வீடு, கிடங்கு, குளியல் கட்டடம் எதற்கும் அவ்வளவு பெரிய வளைவு தேவையில்லை. 1988 பிப்ரவரியில் விஷயம் தெளிவாகிவிட்டது. அவர்கள் கண்டது வட்டரங்கத்தின் கிழக்கு நுழைவாயிலையும், அங்கிருந்து இரு பக்கமும் பிரிந்து போகும் ஆடுகளச் சுவரையும்.

இதற்காக யாரும் தோண்டவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். கட்டட வேலைக்கு முந்தைய சோதனையில் கிடைத்தது அது. நகரங்களில் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் இப்படித்தான் நடக்கின்றன. ஒரு குண்டு விழுந்ததும், பிறகு ஒரு தற்காலிகக் கட்டடம் பல ஆண்டுகள் அங்கே நின்றதும், ஆழமான புது அஸ்திவாரம் எதுவும் அந்த மண்ணைத் துளைக்காமல் காத்தன.

மரம் சொன்னது

அந்த நிலம் ஈரமானது. கிழக்கே சற்றுத் தள்ளி வால்புரூக் ஓடை ஓடியது. அதில் சேரும் சின்ன நீரோட்டங்கள் இந்தப் பக்கமும் இருந்தன. நீள்வட்டமான ஒரு பள்ளம் தோண்டி, சுற்றிலும் மண்ணை மேடாகக் குவித்தால் என்ன ஆகும்? மழைத் தண்ணீரெல்லாம் நடுவில் வந்து தேங்கும். மண்ணுக்கடியில் ஊறும் தண்ணீரும் அங்கேதான் வரும். ரோமானியப் பொறியாளர்கள் இதை நன்றாகத் தெரிந்துதான் வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். ஆடுகளத்தின் நீளவாக்கில் நடுவே ஒரு வடிகால் ஓடி, கிழக்கு வாசலின் அடியாக வெளியே போனது. சுற்றுச்சுவரை ஒட்டியும் வடிகால் இருந்தது. பக்கப் பலகை, அடிப்பலகை, மேல்மூடி என்று பெட்டி வடிவில் ஓக் மரத்தில் செய்தவை. தண்ணீரோடு வரும் மணல் வடிகாலை அடைத்துவிடாமல் இருக்க, இடையில் மரத்தொட்டி ஒன்று. மணல் அதில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் மேலே வழிந்து போகும். நம் ஊர்களில் மழைநீர் சேமிப்புக் குழாய்க்கு முன்னால் மண் தங்க ஒரு தொட்டி கட்டுகிறோமே, அதே வேலைதான்.

ஆடுகளத்தின் தரையும் இதை மனதில் வைத்தே போட்டது. சரளையையும் செங்கல் பொடி கலந்த இளஞ்சிவப்புச் சுண்ணாம்புக் காரையையும் சேர்த்து இடித்துக் கெட்டியாக்கி, அதன்மேல் மணல் பரப்பியிருந்தார்கள். மணல் ரத்தத்தை உறிஞ்சவும் கால் வழுக்காமல் பிடிக்கவும் உதவும். அந்த மணல்தான் மழைக்கு மழை கரைந்து தொட்டியில் வந்து சேர்ந்தது.

ஈரமே இந்த மரங்களைக் காப்பாற்றியது. மரம் மட்குவதற்குக் காற்று வேண்டும். முழுக்க நீரில் ஊறிய சேற்றுக்குள் காற்று போகாது, நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. அதனால் உளி பட்ட தடம்கூடத் தெரிகிற மாதிரி பலகைகள் இருந்தன. ஆனால் வெளியே எடுத்தவுடன் ஆபத்து தொடங்குகிறது. ஊறிய மரத்துக்குள் மரத்தின் பலம் போய், தண்ணீர்தான் அதன் உருவத்தைத் தாங்கி நிற்கிறது. அப்படியே உலரவிட்டால் சுருங்கி, விரிசல் விட்டு உருக்குலைந்துவிடும். அதனால் இத்தகைய மரங்களை நீர் தெளித்து ஈரமாகவே வைத்து, பல மாதங்கள் மெழுகுபோன்ற ஒரு கரைசலில் ஊறவைத்து, உள்ளிருக்கும் தண்ணீரின் இடத்தை மெழுகு பிடித்த பிறகுதான் உலர்த்துவார்கள். அகழாய்வில் பொறுமை என்றால் தூரிகையால் மண்ணைத் தட்டுவது மட்டும் இல்லை, இதுவும்தான்.

மரம் கிடைத்ததால் காலமும் கிடைத்தது. ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். மழை நல்ல ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் குறுகல். ஒரே வட்டாரத்து மரங்களில் இந்த அகல-குறுகல் வரிசை ஒத்துப்போகும். ஏற்கனவே தயாரித்து வைத்திருக்கும் நீண்ட வரிசையோடு பலகையின் வளையங்களைப் பொருத்திப் பார்த்தால், மரம் எந்த ஆண்டுவாக்கில் வெட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். இப்படித்தான் முதல் வட்டரங்கம், முழுக்க மரத்தால் ஆனது, கி.பி. 70-களில் எழுந்தது என்று உறுதியானது.

அந்தத் தேதி ஏன் முக்கியம்? கி.பி. 60 அல்லது 61-ல் ஐசினி இனத்தின் அரசி பூடிக்கா ரோமானியருக்கு எதிராகப் படையோடு வந்து லண்டினியத்தை எரித்துத் தரைமட்டமாக்கினாள். அந்தத் தீயின் செந்நிற அடுக்கு இன்றும் சிட்டியின் பல இடங்களில் தோண்டினால் வருகிறது. அது நடந்து ஏறக்குறைய பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இவ்வளவு மரத்தையும் ஆளையும் போட்டு ஒரு வட்டரங்கம் கட்டியிருக்கிறார்கள். கேளிக்கைக்காக மட்டும் இது நடந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. எரிந்த ஊரில், 'நாங்கள் போகப் போவதில்லை' என்று ரோம் சொல்லிக்கொண்ட விதம் இது.

கல்லும் வாசலும்

2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட்டரங்கத்தைப் புதுப்பித்தார்கள். பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122-ல் பிரிட்டனுக்கு வந்த காலகட்டம் இது. இன்று நாம் காணும் சுவர்கள் அப்போது எழுந்தவை. கென்ட் வட்டாரத்தின் சாம்பல் நிறக் கடினக்கல், இடையிடையே சிவப்பு ஓடுகளின் வரிசை. லண்டனைச் சுற்றி நல்ல கட்டடக்கல் கிடையாது. மெட்வே ஆற்றங்கரையில் வெட்டி, படகில் ஏற்றி, தேம்ஸ் வழியாகக் கொண்டுவர வேண்டும். அப்படி வந்த படகு ஒன்றே நமக்குக் கிடைத்திருக்கிறது: 1962-ல் பிளாக்ஃபிரையர்ஸ் அருகே ஆற்றுச் சேற்றில் கண்டெடுத்த 2-ஆம் நூற்றாண்டுப் படகு, சுமார் 26 டன் கென்ட் கல்லோடு மூழ்கியிருந்தது. அது வட்டரங்கத்துக்குப் போன சரக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சுவரைப் பார்க்கும்போது அந்தப் படகையும் சேர்த்து நினைத்தால்தான் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் இருக்கும் உழைப்பு தெரியும்.

எஞ்சிய சுவர் ஆளுயரம்கூட இல்லை. கட்டிய காலத்தில் அது பார்வையாளர்களை மிருகங்களிடமிருந்து காக்கும் உயரத்தில் இருந்தது. கிழக்கு வாசலின் இரு பக்கமும் சின்ன அறைகள். அவற்றில் ஒன்றின் வாசற்கல்லைக் குனிந்து பார்த்தால், கதவை மேலே தூக்கி இறக்குவதற்கான காடி தெரியும். கீல் வைத்த கதவு இல்லை, மேலிருந்து கயிறு போட்டு இழுக்கும் கதவு. திறக்கிறவர் எதிரே நிற்கத் தேவையில்லை. உள்ளே இருந்தது மிருகம் என்று நினைக்க அந்தக் காடி ஒன்றே போதும். நான் அந்தக் கல் முன்னால் நின்றபோது உடம்பு ஒரு நிமிடம் சிலிர்த்தது. ரத்தம், வாள், தலைக்கவசம் எதையும் பார்க்கவில்லை. கதவைத் தூக்குவதற்காக ஒருவர் அளவெடுத்துச் செதுக்கிய ஒரு காடியைத்தான் பார்த்தேன்.

இங்கே யார் செத்தார்கள்

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்வதுதான் இத்தகைய இடங்களில் நடக்கும் பெரிய தவறு. வட்டரங்கம் என்றால் காலையில் மிருக வேட்டை, நண்பகலில் மரண தண்டனை, பிற்பகலில் கிளாடியேட்டர் சண்டை என்று ரோமின் நிகழ்ச்சி நிரலை அப்படியே லண்டனுக்கும் பொருத்திவிடுவார்கள். பிரிட்டனில் கிடைத்த சான்றுகளைத் தனித்தனியாக எடைபோடுவதுதான் நியாயம்.

வட்டரங்கத்துக்கு வடக்கே, லண்டன் வால் தெருப் பகுதியில், 1988-ல் வேறோர் அகழாய்வில் 39 மண்டையோடுகள் குழிகளிலிருந்து கிடைத்தன. 2014-ல் வெளியான ஆய்வு அவற்றை விரிவாகப் பார்த்தது. பெரும்பாலும் இளவயது ஆண்கள். பலருக்கு முகத்திலும் தலையிலும் ஆறிப்போன பழைய காயங்களும், சாவுக்கு முந்தைய புதுக் காயங்களும் இருந்தன. ஒழுங்காகப் புதைக்காமல் திறந்த குழியில் போட்டிருக்கிறார்கள், ஒன்றில் நாய் கடித்த தடமும் இருந்தது. இவர்கள் வட்டரங்கத்தில் தோற்றவர்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே கட்டுரையில், எல்லைப்புறப் போர்களில் வெட்டிக்கொண்டு வந்த தலைகளாகவும் இருக்கலாம் என்றும் எழுதினார்கள். செய்திகளில் முதல் பாதி மட்டும்தான் தலைப்பானது. எனக்கு இரண்டாவது பாதியும் அதே அளவு முக்கியம்.

கிளாடியேட்டர் சண்டை பிரிட்டனில் நடந்ததா என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கோல்செஸ்டரில் இருக்கிறது. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு மண்பாண்டத்தில் இரண்டு வீரர்கள் மோதும் காட்சியும் மெம்னோன், வலன்டினஸ் என்ற பெயர்களும் இருக்கின்றன. பெயர்களைப் பின்னால் யாரோ கீறியிருப்பார்கள் என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். பாண்டத்தைச் சுடுவதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கும்போதே எழுதியவை என்று 2023-ல் தெரிந்தது. அப்படியானால் அந்த ஊரில் நடந்த ஒரு சண்டையின் நினைவாகச் செய்த பாண்டம் அது. மிருகத்தோடு மனிதன் மோதியதற்கு உடல் சான்று யார்க்கில் கிடைத்தது. அங்கே டிரிஃபீல்டு டெரஸ் என்ற ரோமானிய இடுகாட்டில் புதைந்திருந்த ஓர் இளைஞனின் இடுப்பெலும்பில் பெரிய பூனை இனத்து மிருகம், பெரும்பாலும் சிங்கம், கடித்த தடம் இருப்பதாக 2025-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது.

கில்டுஹாலில் கிடைத்த பொருள்களில் என்னை அதிகம் தொட்டது வேறொன்று. ஈயத் தகட்டில் எழுதிய ஒரு சாபம். டயானா தெய்வத்துக்கு எழுதியது. தலையணி ஒன்றும் கட்டுத்துணி ஒன்றும் திருடு போயிருக்கிறது. திருடினவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திர மனிதனோ, அவன் உயிரோடு இருக்கக் கூடாது என்று தெய்வத்திடம் ஒப்படைக்கிறார் எழுதியவர். போன பொருளையும் தெய்வத்துக்கே கொடுத்துவிடுகிறார், மூன்றில் ஒரு பங்கை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டு. 7,000 பேர் கூடும் இடத்தில் ஒருவருடைய துணியைக் காணவில்லை. கோயில் திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வயிறெரிந்து திட்டுகிறவரின் குரல் அந்த ஈயத் தகட்டில் இருக்கிறது. டயானா வேட்டைக்கான தெய்வம், வட்டரங்கத்துக்குப் பொருத்தமானவள். யாரிடம் முறையிட வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

கைவிட்ட பிறகு

4-ஆம் நூற்றாண்டில் வட்டரங்கத்தைக் கைவிட்டார்கள். தொட்டியில் சேர்ந்த மணலை அள்ள ஆள் இல்லை. வடிகால் அடைத்துக்கொண்டது, தண்ணீர் தேங்கியது, சேறு மூடியது. பராமரிப்பு நின்றதால்தான் அந்தப் பலகைகள் நம் கைக்கு வந்தன. கல் போனது, மரம் தங்கியது.

5-ஆம் நூற்றாண்டில் ரோமானிய ஆட்சி போனபின் மதிலுக்குள் இருந்த ஊர் ஏறக்குறைய வெறிச்சோடியது. சாக்சன் மக்கள் மேற்கே, இன்றைய கோவென்ட் கார்டன் பக்கம் குடியேறினார்கள். கி.பி. 886-ல் ஆல்ஃபிரெட் மன்னர் பழைய மதிலுக்குள் மறுபடி ஊரை அமைத்தார். அப்போதும் இந்தச் சதுப்புப் பள்ளத்துக்கு யாரும் வரவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் இட நெருக்கடி வந்த பிறகுதான் இங்கே வீடுகள் முளைத்தன. மிலாறு பின்னி மண் பூசிய சுவர்கள், மரத் தரைகள், மாட்டுத் தொழுவம். அதே ஈரம் அவற்றையும் காத்து வைத்திருந்தது.

அப்புறம் 12-ஆம் நூற்றாண்டில் கில்டுஹால் வருகிறது. ஊர் மக்கள் கூடும் இடம், ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர் மக்கள் கூடிய அதே இடத்தில். தற்செயல்தானா? கில்டுஹாலின் 13-ஆம் நூற்றாண்டு வாயில்கட்டடம் வட்டரங்கத்தின் தெற்கு நுழைவாயிலுக்கு நேர் மேலே அமைந்திருந்தது என்று அகழாய்வில் தெரிந்தது. புனித லாரன்ஸ் தேவாலயமும் தெருவுக்கு நேராக நிற்காமல் கோணலாக நிற்கிறது. அடியில் இருக்கும் நீள்வட்டத்தின் சாயல் அதில் விழுந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சுவர் போய்விட்டாலும் மண் மேடு ஒன்று தெரிந்திருக்கும், நுழைகிற வழி ஒன்று பழகியிருக்கும். பெயர் மறந்துபோன பிறகும் நிலத்தின் வடிவம் நின்று, ஆட்களை அதே வழியாக நடக்க வைத்திருக்கிறது. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கண்மாய் தூர்ந்து பல தலைமுறை ஆனபின்னும் கரையின்மேலேயே பாதை போகிற ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. ரோமானிய அடுக்குக்குப் போக வேண்டும் என்றால் மேலே இருக்கும் இடைக்கால அடுக்குகளை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தால் திரும்பி வைக்க முடியாது. அதனால் அந்தத் தொழுவத்தையும் மிலாறுச் சுவரையும் ரோமானியச் சுவருக்குக் கொடுத்த அதே அக்கறையோடு அளந்து, வரைந்து, மாதிரி எடுத்தார்கள். வேலை 1990-களின் பாதிக்கு மேலும் நீண்டதற்கு இது ஒரு காரணம். நிக் பேட்மன் தலைமையில் எழுதிய முழு அகழாய்வு அறிக்கை 2008-ல்தான் வெளியானது. கண்டுபிடித்து இருபது ஆண்டுகள். தாமதம் என்று சிலர் சொல்வார்கள். அறிக்கை வராமலே போன அகழாய்வுகள் எத்தனையோ இருக்கும்போது, இருபதாண்டுக்குப் பின்னும் முழுமையாக வந்தது என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

வைத்துக்கொள்வதா, நகர்த்துவதா

சுவர் கிடைத்தபோது முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது. கலைக்கூடம் கட்டியே ஆக வேண்டும். இடமோ சிட்டியின் நடுவில். லண்டனுக்கு இதில் ஒரு கசப்பான முன் அனுபவம் இருந்தது.

1954 செப்டம்பரில், வால்புரூக் பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கான இடத்தில் டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் குழு மித்ரஸ் தெய்வத்தின் கோயிலைக் கண்டது. செய்தி பரவி, ஆயிரக்கணக்கான மக்கள் மாலை வேளைகளில் வரிசையில் நின்று பார்த்தார்கள். போர் முடிந்து இன்னும் இடிபாடாகக் கிடந்த ஊரில், குண்டு விழுந்த குழியிலிருந்து ஒரு கோயில் வந்திருக்கிறது. அந்த வரிசையின் படங்களைப் பார்த்தால் மனம் நெகிழும். ஆனால் கோயிலை அதன் இடத்தில் வைக்கவில்லை. பிரித்தெடுத்து, 1962-ல் சற்றுத் தள்ளி, திறந்தவெளியில், சிமென்ட் வைத்து மறுபடி அடுக்கினார்கள். திசையும் தரையும் மாறிப்போயின. கற்கள் இருந்தன, இடம் இல்லை. அதைத் திருத்த 2017 வரை ஆனது: ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகத்துக்கு அடியில், பழைய இடத்துக்கு மிக அருகில், ஏழு மீட்டர் ஆழத்தில் கோயில் மறுபடி அமைக்கப்பட்டது.

கில்டுஹாலில் அப்படிச் செய்யவில்லை. வட்டரங்கம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ரிச்சர்ட் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த கலைக்கூடத்தின் திட்டத்தை மாற்றி, சுவர் கிடந்த இடத்திலேயே கிடக்க, அதைச் சுற்றி அடித்தளம் கட்டினார்கள். 1999-ல் கலைக்கூடமும் 2002-ல் வட்டரங்கமும் மக்களுக்குத் திறக்கப்பட்டன.

இந்த முடிவை எடுத்தபோது இன்றைய விதிமுறைகள் இல்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். 1989-ல் தேம்ஸின் தென்கரையில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் கிடைத்து, அதைக் காக்க நடிகர்களும் மக்களும் தெருவில் நின்ற பிறகு, 1990 நவம்பரில்தான் இங்கிலாந்தில் புதிய திட்ட வழிகாட்டி வந்தது. தொல்லியல் பாதிப்பைக் கட்டட அனுமதிக்கு முன்பே பார்க்க வேண்டும், கட்டுகிறவரே அகழாய்வுச் செலவை ஏற்க வேண்டும் என்ற நடைமுறை அதன்பின் உறுதியானது. கில்டுஹாலில் கட்டுகிறவரும் மாநகர நிர்வாகமே, நிலமும் அவர்களுடையதே. தனியார் ஒருவரிடம் கெஞ்ச வேண்டிய நிலை இல்லை. அந்தச் சாதகத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதற்கு மனமாரப் பாராட்டலாம்.

இன்று போனால்

அனுமதி இலவசம். படிகளில் இறங்கினால் இருட்டான கூடம். முன்னால் கிழக்கு வாசல், இரு பக்கமும் சுவர். இல்லாமல் போன மேடைகளையும் வீரர்களையும் பச்சை ஒளிக்கோடுகளாகக் காட்டும் விதத்தில்தான் 2002-ல் அமைத்தார்கள். சிறுவர்களுக்கு அது பிடிக்கும். எனக்கு அந்தப் பச்சை உருவங்கள் கொஞ்சம் கண்ணை இழுத்துவிடுகின்றன, வாசற்கல்லின் காடியையும் வடிகாலையும் பார்க்க வேண்டிய கண்ணை. நீங்கள் போனால் முதலில் கீழே பாருங்கள். நமக்குக் காணக் கிடைப்பது ஒரு பகுதிதான். மிச்ச நீள்வட்டம் மண்டபத்துக்கும் தேவாலயத்துக்கும் அலுவலகங்களுக்கும் அடியில் தொடர்கிறது.

2025 பிப்ரவரியில் இதே சிட்டியில், கிரேஸ்சர்ச் தெரு 85-ஆம் எண் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், லண்டினியத்தின் முதல் பசிலிக்காவின் சுவர் கிடைத்ததாக அறிவித்தார்கள். நகர நிர்வாகமும் வழக்கு விசாரணையும் நடந்த பெருமண்டபம் அது, கட்டியது கி.பி. 78-க்கும் 84-க்கும் இடையில். முதல் மர வட்டரங்கத்துக்கு ஏறக்குறைய ஒத்த வயது. எரிந்த ஊரை மறுபடி எழுப்பிய அதே கைகளின் வேலை. அந்த இடத்தில் ஒரு உயரமான கோபுரக் கட்டடம் வரப் போகிறது. சுவரை அங்கேயே வைத்து, மக்கள் இறங்கிப் பார்க்கும் விதத்தில் திட்டத்தை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் முதலில் வெட்டியது சின்னச் சின்னச் சோதனைக் குழிகள்தான்.